ஜாயினும் எண்ணிக்கையும்: பல அட்டவணைகளைச் சேர்த்து எண்ணும்போது எழும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் அறிக்கை எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும், கோவைக் கல்லூரிகளில் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) பயிலும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே விடைகளுடன் தரப்பட்டுள்ளன. கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

எல்லா விடைகளுக்கும் ஒரே சிறு தரவையே எடுத்துக்கொள்கிறோம். பார்ட்டி அட்டவணையில் மூன்று வரிசைகள் உள்ளன: எண் 1 கரூர் பார்ட்டி, எண் 2 ஈரோடு பார்ட்டி, எண் 3 பொள்ளாச்சி பார்ட்டி. ஆர்டர் அட்டவணையில் நான்கு வரிசைகள்: 101, 102 ஆகிய இரண்டும் கரூர் பார்ட்டியுடையவை, 103 ஈரோட்டினுடையது, 104 எந்தப் பார்ட்டிக்கு என்று இன்னும் முடிவாகாத சாம்பிள் ஆர்டர் என்பதால் அதன் பார்ட்டி எண் காலியாக உள்ளது. டிசி, அதாவது டெலிவரி சலான் அட்டவணையிலும் நான்கு வரிசைகள்: 11, 12, 13 ஆகியவை ஆர்டர் 101-க்கு முறையே 400, 350, 250 பீஸ் அனுப்பியவை, 14 ஆர்டர் 102-க்கு 600 பீஸ் அனுப்பியது. வரவு அட்டவணையில் மூன்று ரசீதுகள்: 21, 22 இரண்டும் ஆர்டர் 101-க்கு வந்த தலா ரூ.50,000, 23 ஆர்டர் 103-க்கு வந்த முன்பணம் ரூ.20,000.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதிவிட்டால் ஜாயின் என்ற தொல்லையே இருக்காதே?

தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். கரூர் பார்ட்டியின் முகவரியை ஒவ்வொரு ஆர்டரிலும், ஒவ்வொரு டிசியிலும் திரும்பத் திரும்ப எழுதினால், அவர் கிடங்கை மாற்றிய நாளில் அத்தனை வரிசைகளையும் தேடித் திருத்த வேண்டும்; ஒன்று விடுபட்டாலும் எது சரியான முகவரி என்று தரவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிப்பது என்ற இந்த வழிமுறை, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட உறவுநிலைத் தரவு மாதிரியிலிருந்து வளர்ந்தது. பிரித்து வைத்ததைத் தேவைப்படும்போது சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஜாயின்.

ஜாயின் உண்மையில் என்ன செய்கிறது?

ஜாயின் என்பது ஓர் அட்டவணையின் பக்கத்தில் இன்னோர் அட்டவணையை ஒட்டுவது என்று பலர் மனத்தில் கொண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை தவறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றன. ஜாயின் ஒட்டுவதில்லை, சோடி சேர்க்கிறது. இடப்புற அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் வலப்புற அட்டவணையின் ஒவ்வொரு வரிசையோடும் வைத்துப் பார்த்து, நீங்கள் கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்துகிற சோடிகளை மட்டும் விடையாகத் தருகிறது. நிபந்தனையே இல்லாத கிராஸ் ஜாயினில் மூன்று பார்ட்டிகளும் நான்கு ஆர்டர்களும் சேர்ந்து பன்னிரண்டு சோடிகள் வரும். பார்ட்டி எண் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தால் அந்தப் பன்னிரண்டில் மூன்று மட்டும் தேறும்: 1–101, 1–102, 2–103.

தரவுத்தளம் உள்ளே பன்னிரண்டையும் உருவாக்கித்தான் மூன்றைப் பொறுக்குகிறது என்பதில்லை. இண்டெக்ஸ், ஹாஷ் ஆகிய விரைவுத் தேடல் உத்திகளைக் கொண்டு குறுக்கு வழியில் போகும். ஆனால் விடை அப்படிப் பொறுக்கியதைப் போலவே இருக்கும் என்பது உறுதி. ஆகவே ஜாயினுக்குப் பிறகு நீங்கள் எண்ணுவது பார்ட்டிகளையும் அல்ல, ஆர்டர்களையும் அல்ல, சோடிகளை.

இன்னர், லெஃப்ட், ரைட், ஃபுல் ஆகியவற்றில் எத்தனை வரிசைகள் வரும்?

நம் தரவில் பார்ட்டியையும் ஆர்டரையும் இணைத்தால், இன்னர் ஜாயினில் மூன்று. பார்ட்டியை இடப்புறம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தால் நான்கு. சோடி கிடைக்காத பொள்ளாச்சி பார்ட்டியும், ஆர்டர் புலங்கள் (நெடுவரிசைகள்) வெறுமையாக (NULL), ஒரு வரிசையாக நிற்கும். அட்டவணைகளை இடம் மாற்றாமல் ரைட் ஜாயின் செய்தாலும் நான்குதான், ஆனால் இம்முறை நான்காவதாக நிற்பது பார்ட்டி இல்லாத ஆர்டர் 104. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே விடை என்று கருதிவிடக் கூடாது. ஃபுல் ஜாயினில் பொள்ளாச்சியும் 104-உம் சேர்ந்து ஐந்து வரும்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஃபுல் ஜாயின் இல்லை. லெஃப்ட் ஜாயினையும், சோடி இல்லாத வலப்புற வரிசைகளையும் விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஆல் மூலம் சேர்த்துப் பெற வேண்டும். எஸ்க்யூலைட்டில் ரைட், ஃபுல் இரண்டும் 2022-இல் வந்த 3.39 பதிப்பிலிருந்துதான் உண்டு. ரைட் ஜாயினைத் தனியாகக் கற்க வேண்டிய தேவை அதிகமில்லை என்பது எங்கள் கருத்து. அட்டவணைகளை இடம் மாற்றி லெஃப்ட் என்று எழுதினால் படிப்பவருக்கும் எளிது.

பொள்ளாச்சி பார்ட்டிக்கு ஆர்டரே இல்லை. ஆனால் என் அறிக்கை 1 என்று காட்டுகிறது. ஏன்?

நீங்கள் லெஃப்ட் ஜாயின் செய்து, பார்ட்டி வாரியாகக் குரூப் செய்து, கவுண்ட்(*) என்று எழுதியிருப்பீர்கள். கவுண்ட்(*) வரிசைகளை எண்ணும். வரிசைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. சோடி இல்லாத பொள்ளாச்சிக்கும் ஒரு வரிசை உண்டு என்று மேலே பார்த்தோம், ஆகவே 1. அதற்குப் பதிலாகக் கவுண்ட்(ஆர்டர்_எண்) என்று எழுதினால், அந்தப் புலத்தில் மதிப்பு உள்ள வரிசைகளை மட்டும் எண்ணும். கரூருக்கு 2, ஈரோட்டுக்கு 1, பொள்ளாச்சிக்கு 0 எனச் சரியாக வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கவுண்டுக்குள் வலப்புற அட்டவணையின் முதன்மைச் சாவியையே (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலத்தையே) கொடுக்க வேண்டும் என்பது. டெலிவரி தேதி போன்ற, நிரப்பப்படாமல் விடக்கூடிய புலத்தைக் கொடுத்தால், இருக்கிற ஆர்டரே எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும். கவுண்ட்(1) என்று எழுதினால் வேகமாக இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு; அது கவுண்ட்(*) போலவேதான் எண்ணும், பொள்ளாச்சிக்கு அதே 1-ஐத்தான் தரும்.

ஆர்டருடன் டிசியையும் வரவையும் சேர்த்தவுடன் பீஸ் இரட்டிப்பாகவும் பணம் மும்மடங்காகவும் வருகிறதே?

வினவல் (க்வெரி) பிழைச் செய்தி எதுவும் தராமல் ஓடும், எண்கள் நம்பத்தக்கவை போலவே தோன்றும். அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று நீண்ட விடை தேவைப்படுகிறது.

ஆர்டர் 101-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று டிசி, இரண்டு ரசீது. டிசிக்கும் ரசீதுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டும் தனித்தனியே ஆர்டரைத்தான் சுட்டுகின்றன. எந்த டிசிக்கு எந்த ரசீது என்று சொல்ல நிபந்தனை இல்லாததால், ஜாயின் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்கிறது. மூன்று சட்டையும் இரண்டு வேட்டியும் வைத்திருப்பவர் ஆறு விதமாக உடுத்தலாம் என்பது போல 11–21, 11–22, 12–21, 12–22, 13–21, 13–22 என ஆறு வரிசைகள் வரும். ஒவ்வொரு டிசியும் இரண்டு முறை வருவதால், உண்மையில் அனுப்பிய 1,000 பீஸ், கூட்டும்போது 2,000 ஆகிறது. ஒவ்வொரு ரசீதும் மூன்று முறை வருவதால், வந்த ரூ.1,00,000 என்பது ரூ.3,00,000 ஆகிறது. கவுண்ட்(டிசி_எண்), கவுண்ட்(ரசீது_எண்) இரண்டையும் கேட்டால் இரண்டுக்கும் 6 என்றே விடை வரும்; வெவ்வேறு இரண்டு எண்ணிக்கைகள் ஒரே எண்ணாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நான்கு ஆர்டர்களையும் லெஃப்ட் ஜாயினில் எடுத்தால் 101-க்கு ஆறு, மற்ற மூன்றுக்கும் தலா ஒன்று என ஒன்பது வரிசைகள் வரும். பெருகுவது 101 மட்டுமே. 102, 103 சரியாகவே இருக்கும். மேலாளர் 102-ஐப் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று தலையசைத்துவிடுவார். மொத்தக் கூட்டலில்தான் 1,600 பீஸ் 2,600 ஆகவும், ரூ.1,20,000 என்பது ரூ.3,20,000 ஆகவும் நிற்கும். இன்னர் ஜாயினாக மாற்றிப் பார்த்தால் 102, 103, 104 மூன்றும் மறைந்து, தவறான ஆறு வரிசைகள் மட்டும் மிஞ்சும்.

தீர்வு, இணைப்பதற்கு முன்பே ஒவ்வொரு அட்டவணையையும் ஆர்டருக்கு ஒரு வரிசை என்ற நிலைக்குச் சுருக்கிவிடுவது:

செலக்ட் ஆ.ஆர்டர்_எண், ட.டிசி_எண்ணிக்கை, ட.அனுப்பிய_பீஸ், வ.மொத்த_வரவு
ஃப்ரம் ஆர்டர் ஆ
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் ஆர்டர்_எண், கவுண்ட்(*) ஏஸ் டிசி_எண்ணிக்கை, சம்(பீஸ்) ஏஸ் அனுப்பிய_பீஸ் ஃப்ரம் டிசி குரூப் பை ஆர்டர்_எண்) ட ஆன் ட.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் ஆர்டர்_எண், சம்(தொகை) ஏஸ் மொத்த_வரவு ஃப்ரம் வரவு குரூப் பை ஆர்டர்_எண்) வ ஆன் வ.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்

இங்கே ஆ, ட, வ என்பவை ஆர்டர், சுருக்கிய டிசி, சுருக்கிய வரவு ஆகியவற்றின் சுருக்கப் பெயர்கள். உள்ளே குரூப் செய்துவிட்டதால் ட, வ இரண்டிலும் ஓர் ஆர்டர் எண் ஒரே முறைதான் வரும். ஆகவே எத்தனை அட்டவணைகளை இவ்வாறு சேர்த்தாலும் விடையில் ஆர்டருக்கு ஒரு வரிசையே நிற்கும். டிசி இல்லாத 103-க்கு எண்ணிக்கை வெறுமையாக வரும். அங்கே 0 வேண்டுமானால் வெறுமைக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோயலெஸ் (COALESCE) செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். பார்ட்டி வாரியாகக் கூட்ட வேண்டுமானால் இந்த விடையின் மேல் இன்னொரு குரூப் பை போட்டுக் கூட்டலாம்.

டிஸ்டிங்க்ட் போட்டால் போதாதா?

ஒரே மதிப்பு பல முறை வந்தாலும் ஒன்றாகவே கொள்ளும் டிஸ்டிங்க்ட், எண்ணுவதற்கு மட்டுமானால் போதும். கவுண்ட்(டிஸ்டிங்க்ட் டிசி_எண்) 101-க்கு 3 என்றும், கவுண்ட்(டிஸ்டிங்க்ட் ரசீது_எண்) 2 என்றும் சரியாகவே தரும். ஆனால் பழக்க தோஷத்தில் சம்(டிஸ்டிங்க்ட் தொகை) என்று எழுதிவிட்டால், ரூ.50,000 என்ற தொகை இருமுறை வந்திருப்பதை ஒன்றாகக் கருதி, 101-க்கு ரூ.50,000 மட்டுமே காட்டும். டிஸ்டிங்க்ட் மதிப்பைத்தான் பார்க்கும், ரசீதைப் பார்க்காது. அதோடு, பெருகிய வரிசைகளை உருவாக்கிவிட்டுப் பிறகு வடிகட்டுவது பெரிய அட்டவணைகளில் நேரத்தையும் தின்னும். வரிசைகள் ஏன் பெருகின என்று தெரியாமல் செலக்ட் டிஸ்டிங்க்ட் போட்டு மூடிவைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஜாயின் செய்தால் எத்தனை வரிசைகள் வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

முடியும். வலப்புற அட்டவணையில் இணைக்கும் புலம் தனித்துவமானதாக இருந்தால், லெஃப்ட் ஜாயின் இடப்புற வரிசைகளின் எண்ணிக்கையை மாற்றவே மாற்றாது. ஆர்டரை இடப்புறம் வைத்துப் பார்ட்டியை இணைத்தால் நான்கு ஆர்டர்கள் நான்காகவே இருக்கும், ஏனெனில் பார்ட்டி எண் பார்ட்டி அட்டவணையில் ஒரு முறைதான் வரும். திசையை மாற்றினால் இந்த உறுதி போய்விடும்.

ஆகவே ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதை வினவல் எழுதும் முன்பே தாளில் எழுதிக்கொள்வது நல்லது. டிசி விஷயத்தில் இது குறிப்பாகத் தேவை. பல மென்பொருள்களில் டிசித் தலைப்பு ஓர் அட்டவணையிலும், அதிலுள்ள சைஸ், கலர் வாரியான விவரம் வேறோர் அட்டவணையிலும் இருக்கும். எஸ், எம், எல், எக்ஸ்எல் என நான்கு சைஸ் ஏற்றிய ஒரே டிசி, விவர அட்டவணையில் நான்கு வரிசைகள். ‘இந்த மாதம் எத்தனை டிசி போட்டோம்?’ என்ற கேள்விக்கு அங்கே எண்ணினால் ஒரு டிசி போட்ட நாளில் நான்கு டிசி போட்டதாகிவிடும். ஜிஎஸ்டி விதிப்படி சலானை மூன்று பிரதிகள் எடுக்கிறோம் என்பது வேறு விஷயம். தலைப்பு அட்டவணையில் அது ஒரு வரிசைதான்.

அக்டோபர் 1-க்குப் பிந்தைய ஆர்டர்களை மட்டும் கேட்டேன். ஆர்டர் இல்லாத பார்ட்டிகள் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டனர். லெஃப்ட் ஜாயின்தானே எழுதியிருக்கிறேன்?

தேதி நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதியிருப்பதே காரணம். ஜாயின் முடிந்த பிறகுதான் வேர் செயல்படுகிறது. பொள்ளாச்சியின் வரிசையில் ஆர்டர் தேதி வெறுமை. வெறுமையை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் விடை உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது, அறியாநிலை என்றே வரும். உண்மை என்று வந்த வரிசைகளை மட்டுமே வேர் அனுமதிப்பதால், லெஃப்ட் ஜாயின் எழுத்தில் மட்டும் லெஃப்டாக இருந்து, விளைவில் இன்னராகிவிடுகிறது. அந்த நிபந்தனையை, ஜாயினின் சோடி நிபந்தனையைச் சொல்லும் ஆன் (ON) பகுதிக்கு நகர்த்துங்கள். பொள்ளாச்சி 0 என்ற எண்ணிக்கையோடு திரும்ப வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஈரோடு பார்ட்டிகள் மட்டும் வேண்டும் என்ற இடப்புற நிபந்தனையை ஆன் பகுதியில் எழுதினால், கரூரும் பொள்ளாச்சியும் நீங்காது, இரண்டு ஆர்டர் உள்ள கரூரும் ஆர்டர் இல்லாதது போலப் பொய்யாக 0 காட்டி நிற்கும். வலப்புறத்தை வடிகட்டும் நிபந்தனை ஆன் பகுதியில், இடப்புறத்தை வடிகட்டும் நிபந்தனை வேர் பகுதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் தராத பார்ட்டிகளை மட்டும் எப்படி எண்ணுவது?

பார்ட்டியிலிருந்து லெஃப்ட் ஜாயின் செய்து, ஆர்டர் எண் வெறுமையாக உள்ள வரிசைகளை எடுக்கலாம். அல்லது பொருந்தும் ஆர்டர் ஒன்றும் இல்லை என்று சோதிக்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதலாம். நாட் இன் எழுதுவதைத் தவிருங்கள். நம் தரவில் ஆர்டர் அட்டவணையின் பார்ட்டி எண்கள் 1, 1, 2, வெறுமை. ‘3 இந்தப் பட்டியலில் இல்லைதானே?’ என்று கேட்டால், அந்த வெறுமைக்குள் 3 இருக்கக்கூடுமோ என்று தரவுத்தளம் உறுதியாகச் சொல்ல மறுத்து, ஒரு வரிசைகூடத் தராது. ஒரே ஒரு சாம்பிள் ஆர்டர் மொத்த அறிக்கையையும் காலியாக்கிவிடும்.

பார்ட்டி பெயரை வைத்தே இணைக்கலாமா?

கூடாது. ஒரே பெயரை ‘டெக்ஸ்’ என்றும் ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்றும், இடைவெளி விட்டும் விடாமலும் நான்கு பேர் நான்கு விதமாக உள்ளிட்டிருப்பார்கள். ஒரே பெயரில் பல்லடத்தில் ஒன்றும் அவிநாசியில் ஒன்றும் வெவ்வேறு கம்பெனிகளாகவும் இருக்கலாம். முதல் நிலையில் சோடி கிடைக்காமல் வரிசைகள் குறையும், இரண்டாவதில் தவறான சோடி சேர்ந்து கூடும்.

பதினைந்து எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணைப்பது பெயரைவிட மேல், ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். ஒரே கம்பெனி வேறு மாநிலத்திலும் பதிவு பெற்றிருந்தால் அதற்கு இன்னோர் எண் இருக்கும். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும், பதிவு பெறாத சிறு தறிக்காரருக்கு அந்தப் புலம் காலியாக இருக்கும். வெறுமை இன்னொரு வெறுமைக்குச் சமமாகாது என்பதால் அவர்கள் இணைப்பில் விழுந்துவிடுவார்கள். உங்கள் அட்டவணை தானே வழங்கும் பார்ட்டி எண்ணே சரியான சாவி. ஜிஎஸ்டி எண்ணைக் கொண்டு குரூப் செய்து, ஹேவிங் கவுண்ட்(*) > 1 என்று கேட்டு, ஒரே பார்ட்டி இருமுறை பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

நான்கு அட்டவணைகளிலும் மொத்தம் எத்தனை வரிசைகள் என்று ஒரே வினவலில் பெற ஜாயின் வேண்டுமா?

வேண்டியதில்லை, தொடர்பில்லாத எண்ணிக்கைகளை ஜாயின் செய்யவே கூடாது. ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு செலக்ட் கவுண்ட்(*) எழுதி அவற்றை யூனியன் ஆல் மூலம் சேருங்கள். வெறும் யூனியன் போட்டால் ஒரே மாதிரியான வரிசைகளை நீக்கிவிடும்: பார்ட்டி 3, ஆர்டர் 4, டிசி 4, வரவு 3 என்ற நான்கு விடைகளில் 3, 4 என இரண்டு மட்டுமே மிஞ்சும், அவற்றைக் கூட்டினால் 14-க்குப் பதில் 7 வரும். ஒவ்வொரு செலக்டிலும் அட்டவணையின் பெயரையும் ஒரு புலமாகச் சேர்த்துவிட்டால் எது எந்த எண் என்பதும் தெரியும்.

குரூப் பை பகுதியில் இல்லாத புலம் என்று பிழை வருகிறது. பழைய சர்வரில் ஓடியதே?

மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து இந்தக் கண்டிப்பு இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் குழுவின் ஏதோ ஒரு வரிசையிலிருந்து மதிப்பை எடுத்துக் காட்டிவந்தது. அதாவது ஓடியது, சரியாக ஓடியது என்று சொல்ல முடியாது. கண்டிப்பை அணைக்காமல், அந்தப் புலத்தைக் குரூப் பையில் சேருங்கள், அல்லது எந்த மதிப்பு வேண்டும் என்பதை மேக்ஸ், மின் போன்றவற்றால் சொல்லுங்கள்.

கவுண்ட்(*) மட்டுமே பல வினாடிகள் எடுக்கிறது. குறைக்க முடியுமா?

மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் அமைப்பு வரிசை எண்ணிக்கையைத் தனியே குறித்து வைத்திருந்ததால் உடனே சொல்லிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் இன்றைய இயல்பு அமைப்பான இன்னோடிபியும், வேறொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸும் அப்படிச் செய்வதில்லை. ஒரே நேரத்தில் பலர் எழுதிக்கொண்டிருக்கும்போது யாருக்கு எந்த வரிசைகள் தெரிய வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஆக வேண்டும். தோராயம் போதுமென்றால் போஸ்ட்கிரெஸ்ஸின் பட்டியல் அட்டவணையான பிஜி_கிளாஸில் உள்ள மதிப்பீட்டைப் பார்க்கலாம். ஜாயினோடு சேர்ந்த எண்ணிக்கை தாமதமானால், டிசியிலும் வரவிலும் உள்ள ஆர்டர்_எண் புலத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்: அயல் சாவி (இன்னோர் அட்டவணையின் சாவியைச் சுட்டும் புலம்) என்று அறிவித்தால் இன்னோடிபி அதைத் தானே உருவாக்கிவிடும், போஸ்ட்கிரெஸ்ஸில் நீங்கள்தான் உருவாக்க வேண்டும்.